சுவரில் மாட்டிய கால்மிதி

ஜூலை 17, வியாழன்

நிகழ்ந்த அன்றே எழுதப்படும் குறிப்புக்குச் சாட்சிய மதிப்பு அதிகம் என்று சட்டக் கல்லூரியில் நெடுங்காலமாகப் பாடம் நடத்தி வருகிறேன். ஆகவே எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. கையெழுத்து சீராக இருப்பதே அதற்குச் சான்று.

இன்று ஆடி முதல் தேதி. காலைச் சிற்றுண்டிக்குப் பின் என் மனைவி கோகிலவாணி இரண்டு பெட்டிகளுடன் வீட்டை விட்டுப் போனாள். காரையும் எடுத்துக்கொண்டாள். எனக்கு ஓட்டத் தெரியாது என்பதால் இதில் பெரிய இழப்பு என்று வாதிட முடியாது. அவள் கூறியது, சொல் மாறாமல்:

"இந்த ஊருலயே, ராமநாதபுரத்துல மாடி போர்ஷன் ஒண்ணு எடுத்திருக்கேனுங்க. ஆடி முடியட்டும். திரும்பி வர்றேனா, இல்ல, பிரியறதுக்குக் கையெழுத்துப் போடறேனான்னு அப்பறம் சொல்றேன்."

காரணம் கேட்டேன்.

"நேத்து விருந்துல நீங்க சொன்னதுதான்."

நேற்றைய விருந்து நான் துறைத்தலைவர் ஆனதற்காக. கூடத்துச் சுவரில் கோகிலா செய்த துணிப்படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. துணியில் சாயமேற்றிய செம்மறி ரோமத்தை ஊசியால் குத்திக் குத்திப் பதித்து, அதன்மேல் எம்பிராய்டரி போட்டு, மூன்றடுக்காகச் சேர்த்துத் தைப்பார்கள். குயில்ட் என்று பெயர். அவளுடையதில் அறுவடை முடிந்த வயலும் சில காக்கைகளும் இருந்தன. துணைப் பேராசிரியர் பரமசிவம் அது என்ன என்று கேட்டார். "கால்மிதி. எனக்குக் கிடைச்ச மாதிரியே அதுக்கும் பதவி உயர்வு. சுவத்துக்கு ஏத்தியாச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பொங்கலில் அது சுவருக்கு வந்ததிலிருந்து ஏறத்தாழ எல்லா விருந்தினரிடமும் கால்மிதி என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூட அவள் ஆட்சேபிக்கவில்லை. நீண்ட மௌனம் சட்டத்தில் இசைவாகவே கொள்ளப்படும்.

குயில்ட்டையும் எடுத்துப் போய்விட்டாள். ஆணி மட்டும் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

எதிர்வீட்டு அருக்காணியம்மாள் வாசலிலேயே மறித்தார்.

"வாத்தியாரே, அம்மிணியக் காணமே?"

"ஆடிக்குப் போயிருக்கா."

"ஆடிக்குப் புதுப்பொண்ணத்தானுங்க பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?"

"எங்க குடும்பத்துல அந்த வழக்கம் கொஞ்சம் நீளம்."

"அப்ப நீங்க இன்னும் புது மாப்பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டு, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கோலமாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாட்சிக் கூண்டில் ஏறாமலே ஒருவன் பொய் சொல்ல முடியும் என்பதை மாணவர்களுக்கு உதாரணத்துடன் விளக்க இனி எனக்குச் சிரமம் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

இந்து திருமணச் சட்டம் ஒன்பதாம் பிரிவின்கீழ் மணவாழ்வு உரிமை மீட்பு மனுவை வரையத் தொடங்கினேன். தகுந்த காரணமின்றிப் பிரிந்து சென்ற துணையைத் திரும்பி வரும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். ரசம் வைக்கும்படி ஆணையிட முடியுமா என்பதில் தெளிவான தீர்ப்புகள் இல்லை.

நான் வைத்த ரசத்தைச் செடிக்கு ஊற்றினேன்.

ஜூலை 22, செவ்வாய்

கோகிலாவின் அண்ணன் சண்முகசுந்தரம் பேசினார். அவள் புது வீட்டுக் கூடத்திலேயே புதியவர்களுக்குக் குயில்ட் வகுப்பு நடத்துகிறாளாம். முடிவில், ஆடி கடைசியன்று, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளி மண்டபத்தில் கண்காட்சியாம்.

"மாப்ள, அவ உங்க வீட்ல இருந்து ஓடலீங்க. வேலை செய்ய எடம் தேடிப் போயிருக்கா. நீங்க ஒருக்காப் போய்ப் பாருங்க. வக்கீலாப் போகாதீங்க, சும்மாப் போங்க."

மனுவுக்குக் கள ஆய்வு அவசியம். வகுப்பில் பதிவு செய்துவிட்டேன். பெயர்: பேராசிரியர் குழந்தைவேலு. முன் அனுபவம்: இல்லை. சேரும் நோக்கம் என்ற இடத்தில் 'அறிவு வளர்ச்சி' என்று எழுதினேன். அது முழுப் பொய் அன்று.

ஜூலை 23, புதன்

கதவைத் திறந்தவள் அவள்தான். ஒரு கணம் பார்த்தாள். "வாங்க சார், செருப்ப வெளிய விட்டுருங்க" என்றாள்.

சார். என் சொந்த மனைவி.

வகுப்பில் என்னைத் தவிர இருவர். யசோதா, பல் மருத்துவர். பிரிசில்லா, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். இருவருக்கும் நாங்கள் யார் என்று தெரியாது. கோகிலா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வழக்கின் இரு தரப்பினரும் ஒரே நிலைப்பாட்டை எடுத்தது அண்மைக்காலத்தில் இதுவே முதல் முறை.

ஸ்பாஞ்சின்மேல் துணியை விரித்து, அதன்மேல் ரோமத்தைப் பரப்பி, நீண்ட ஊசியால் குத்த வேண்டும். ஊசியின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டுகள் உண்டு. அவை ரோமத்தை இழுத்துத் துணிக்குள் கொண்டுபோய் மாட்டிவிடும். நேராக இறங்கி நேராக ஏற வேண்டும். சாய்ந்தால் ஊசி ஒடியும். மற்ற இருவரும் செய்துகாட்டினார்கள். பிறகு கோகிலா என் மேசைக்கு வந்து நின்றாள்.

"இப்ப நீங்க குத்திக் காட்டுங்க சார்."

"நானா? நான் எப்பக் குத்திக் காட்டினேன்?" என்றேன். குரல் சற்று உயர்ந்திருக்கலாம். "பேசின பேச்சுக்கெல்லாம் பின்னால அர்த்தம் தேடினா நான் பொறுப்பில்ல."

யசோதா முகக்கவசம் போட்டவரைப் போல மெதுவாகச் சொன்னார்: "அந்த ரோமத்தச் சொல்றாங்க சார்."

குத்திக் காட்டினேன். முதல் குத்திலேயே ஊசி ஒடிந்தது.

ஜூலை 26, சனி

படத்துக்கான பொருளை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். "வீட்டுல தெனமும் உங்க கண்ணுல படற ஒண்ணு" என்றாள் கோகிலா. யசோதா தன் பூனையையும் பிரிசில்லா சன்னலோரக் கறிவேப்பிலைத் தொட்டியையும் செய்கிறார்கள். நான் கூடத்துச் சுவரைச் செய்கிறேன் என்றேன்.

"சுவரா?" என்றார் பிரிசில்லா. "சுவத்துல என்ன சார் இருக்கு?"

"ஒரு ஆணி இருக்கு."

கோகிலா வண்ணப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்தவில்லை.

என் நோக்கம் தெளிவானது. மேற்குச் சன்னல் வெயிலில் எங்கள் கூடத்து மஞ்சள் சுவர் வெளுத்துவிட்டது. குயில்ட் தொங்கிய இடம் மட்டும் பழைய நிறத்தில் ஒரு செவ்வகமாகத் தெரிகிறது. எதிர்மனுதாரர் எடுத்துச் சென்ற பொருளின் தடம் அது. அதை அவளுடைய வகுப்பிலேயே, அவளுடைய ரோமத்திலேயே செய்து, அவளுடைய கண்காட்சியிலேயே மாட்டுவேன். இதைவிடக் கண்ணியமான எதிர்ப்பு இருக்க முடியாது.

ஜூலை 29, செவ்வாய்

மாலை முழுவதும் சுவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நிறம் பார்ப்பதற்காக மட்டும்.

ஜூலை 30, புதன்

செவ்வகத்துக்கு மஞ்சள் ரோமம் வைத்துக் குத்தினேன். அது சுவரில் ஒட்டிய முட்டை ஆம்லெட் போல வந்தது. கோகிலா குனிந்து பார்த்தாள்.

"அடித்துணியே மஞ்சள்தானுங்களே சார். அந்த எடத்த விட்டுருங்க. சுத்தியும் வெளுப்பக் குத்துங்க. விட்ட எடம் தானாத் தெரியும்."

"இதைப் பிரிச்சு எடுத்துடலாமா?"

"தையல்னாப் பிரிக்கலாம். ரோமம் குத்தினாக் குத்தினதுதான். பிச்சு எடுத்தாத் துணி கந்தலாயிரும். புதுத்துணி தர்றேன், மொதல்ல இருந்து வாங்க."

மற்ற இருவரும் அவரவர் வேலையில் தலை குனிந்திருந்தார்கள். அவ்வளவு ஆழமாகக் குனிய வேண்டிய தேவை அந்தப் பூனைக்கும் கறிவேப்பிலைக்கும் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

வெளுப்பு என்பது ஒரே நிறம் அன்று. பால் நிறம், சந்தனம், தேங்காய்நார்ச் சாம்பல், மிகச் சிறிது இளஞ்சிவப்பு ஆகியவற்றைக் கையால் பிய்த்துக் கலந்து வைத்தால்தான் வெயில் பட்ட சுவராகிறது. இது எனக்கு இதுவரை தெரியாது. தெரியாததில் குற்றமில்லை, பாடத்திட்டத்தில் இல்லை.

குத்தும்போது பரமசிவத்தின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. தொடர்ந்து ஊசிகள் ஒடிந்தன. யசோதா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், இது பல்லுப் புடுங்கற கை இல்லீங்க. பல்லு ஒடைக்கற கை."

"அவர் வீட்டம்மாவ நெனச்சுக் குத்தறாரோ என்னமோ" என்றார் பிரிசில்லா. "சார், உங்க வீட்ல அவங்க இதெல்லாம் செய்வாங்களா?"

"செய்வாங்க."

"நல்லாச் செய்வாங்களா?"

கோகிலா சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். வடிகட்டும் சத்தம் நின்றது.

"நல்லாத்தான் செய்வாங்க" என்றேன். உண்மையைச் சொல்வது சாட்சியின் கடமை. அதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கி விடியலிலேயே தன் உரிமையை நிலைநாட்டியது. அருக்காணியம்மாள் எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் அடுக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்தார். மேசையில் விரித்திருந்த வேலையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"குயிலு செய்யறீங்கன்னாங்க. இதுல குயிலு எங்கீங்க?"

"பறந்து போச்சு."

இலக்கணப்படி சரியான பதில். அவர் முந்தானையால் மேசை ஓரத்தைத் தேவையின்றித் துடைத்தார்.

"நான் குயிலு செய்யறேன்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அம்மிணிதானுங்க. தெனமும் போன் பண்ணிருவாங்க. சாப்பிட்டாரா, வெளக்குப் போட்டாரான்னு கேப்பாங்க. இந்தச் சோறுகூட அவங்க சொல்லித்தான் கொண்டாந்தேன். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க. நான்தான் வாய வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டேங்கறேன்."

அப்படியானால், ஆடிக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னபோதே இந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும். கோலமாவுடன் உள்ளே போய்ச் சிரித்திருக்கிறார். ஒரு சட்டப் பேராசிரியரை அவருடைய வாசலிலேயே குறுக்கு விசாரணை செய்து, பொய்யையும் பதிவு செய்துகொண்டு, இரண்டு வாரமாகக் காவலில் வைத்திருக்கிறார்கள்.

எலுமிச்சைச் சாதத்தில் உப்பு குறைவு. முழுவதும் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கல்லூரி வகுப்பில் ஒரு மாணவி முற்றிலும் தவறான பதில் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, திருத்திவிட்டு மேலே போனேன். உடம்பு சரியில்லையா என்று இடைவேளையில் நான்கு பேர் விசாரித்தார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

ரோம வேலை முடிந்தது. இன்று ஆணிக்கு எம்பிராய்டரி. சாம்பல் நூலில் தண்டுத்தையல். தலைக்கு ஒரு முடிச்சு. கீழே சாய்ந்து விழும் நிழலுக்கு ஒற்றை இழை. நிழலைச் சரிசெய்யக் கடைசியாகச் சிறிது ரோமம் வைத்துக் குத்தியபோது ஊசி என் ஆட்காட்டி விரலில் இறங்கியது. அந்த வெட்டுகள் ரோமத்தை மட்டும் பிடித்து இழுப்பவை அல்ல என்று அறிந்துகொண்டேன்.

"ஏனுங்க, பாத்துச் செய்யக் கூடாதுங்களா" என்று ஓடி வந்தாள் கோகிலா. குழாயடிக்கு இழுத்துப்போய் விரலைத் தண்ணீரில் பிடித்தாள். "சக்கரை இருக்கற ஒடம்பு. காலைல மாத்திரை போட்டீங்களா, இல்லீங்களா?"

அவள் என் விரலை விடுவதற்குள் தான் சொன்னது அவளுக்கே உறைத்துவிட்டது. திரும்பிப் பார்த்தோம். யசோதாவும் பிரிசில்லாவும் ஊசியைக் கீழே வைத்துவிட்டிருந்தார்கள்.

"எங்களையெல்லாம் மேடம்னு கூப்பிடுவீங்க" என்றார் யசோதா. "இவர் மட்டும் ஏனுங்களா?"

கோகிலா குழாயை மூடினாள். பிரிசில்லா என்னை மேலும் கீழும் பார்த்தார், கடன் விண்ணப்பத்தைப் பார்க்கும் முகத்துடன்.

"அப்ப, அந்தக் கால்மிதி ஆளு நீங்கதானா?"

முதல் வகுப்புக்கு முன்பே இவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். 'நீங்க செய்யறத யாராச்சும் கால்மிதின்னு சொல்வாங்க, வீட்லயே சொல்வாங்க, மனசுல வெச்சுக்காதீங்க' என்று அறிவுரையாகவே வழங்கியிருக்கிறாள். பெயர் குறிப்பிடாததால் அவதூறு ஆகாது. வழக்கைத் தயாரித்த விதத்தில் குறை காண முடியவில்லை.

"நல்லா உயரமா, மீசை வெச்சவரா இருப்பாருன்னு நெனச்சேன்" என்றார் யசோதா, ஏமாற்றத்துடன்.

ஆகஸ்ட் 13, புதன்

மேல்துணி, நடுவில் பஞ்சுப் படலம், அடித்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டு, ஓரத்தில் பட்டை வைத்து முடித்தேன். சுவரில் சிமென்ட் பூசியவரின் கரண்டி போன வழியிலேயே தையல் வரிகளை ஓடவிட்டிருக்கிறேன். இது யாரும் சொல்லித் தந்ததன்று.

கோகிலா வாங்கி முதலில் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"முடிச்செல்லாம் குப்பையாக் கெடக்குதுங்க."

"பின்பக்கத்த யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கறேனுங்களே."

பிறகு முன்பக்கம். வெகுநேரம் பார்த்தாள். மற்றவர்கள் பையை மாட்டிக்கொண்டு, விடைபெறாமலே படியிறங்கிவிட்டார்கள்.

"இதுவும் எனக்குக் குத்தல்தானுங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அது பொய். ஆமாம் என்பதும் முழு உண்மையாகத் தோன்றவில்லை. சாட்சிகள் இப்படித் திணறுவதைப் பார்த்து எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். "அட்டையில படத்துக்குப் பேரு எழுதியிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அட்டையில் எழுதியிருந்தது: சான்றுப் பொருள் 1.

"இந்தச் செவ்வகத்துல ஒரு குத்துக்கூட இல்லீங்க" என்றாள்.

"நீதான விடச் சொன்னே."

"சொன்னா நீங்க கேட்டதில்லீங்களே."

மனுவின் வரைவு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. மூன்றாம் பத்திக்குமேல் நகரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி கடைசி. கண்காட்சி.

என் சுவரைக் காக்கைகளுக்கு அடுத்து மாட்டியிருந்தாள். என்னைக் கேட்கவில்லை. முன்னால் நின்ற ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தார். "வீட்ல யாரோ தவறிட்டாங்க போல" என்று தன் தோழியிடம் சொன்னார். எதிர்ப்பு ஆவணம் இரங்கல் கடிதமாக வாசிக்கப்படுவதை ஒரு படைப்பாளி கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

மதியம் பரமசிவம் வந்தார். என் பெயரை அழைப்பிதழில் பார்த்தாராம். காக்கைகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, சார், உங்க வீட்டுக் கால்மிதிக்கு மறுபடியும் பதவி உயர்வா? மண்டபத்துக்கே ஏத்திட்டீங்க."

எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சொன்னார். என்னிடம் கற்றதை என்னிடமே ஒப்பித்தார். கோகிலா இரண்டடி தள்ளி ஒரு பள்ளி ஆசிரியையுடன் பேசிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு அசையவில்லை.

நான் பரமசிவத்தின் முழங்கையைப் பிடித்தேன்.

"பக்கத்துல வாங்க. இந்தக் காக்கா என்ன நெறம்?"

"கறுப்புங்க சார்."

"நல்லாப் பாருங்க."

கறுப்பு எங்குமே இல்லை என்று காட்டினேன். கருநீலம், கத்திரிப்பூ நிறம், காப்பிக்கொட்டை நிறம், கழுத்தில் மட்டும் சாம்பல். வயலில் அறுத்த நெல்தாள்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நேர்த்தையல் என்று விளக்கினேன். பறக்கும் காக்கையின் இறகோரத்தில் ரோமத்தை அரைகுறையாகக் குத்தி விட்டிருக்கிறாள். அந்த மங்கல்தான் அசைவு. அதற்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அடுத்த காக்கைக்குப் போகலாம்.

"சார், எனக்கு ஒரு வேலை இருக்குது."

"இன்னும் மூணு காக்கா இருக்கு."

விடவில்லை. சட்டப்படி இது முறையற்ற தடுப்பு, ஒப்புக்கொள்கிறேன். கடைசிக் காக்கை முடிந்ததும், "இதக் கால்மிதின்னு சொன்னவன் ஒரு முட்டாள். அவனுக்குச் சிரிச்சவங்களப் பத்தி நான் கருத்துச் சொல்ல விரும்பல" என்றேன். நான் பொதுவாகச் சொன்னது. பரமசிவம் டீகூடக் குடிக்காமல் போனார்.

மாலை படங்களை இறக்கும்போது கோகிலா சொன்னாள்:

"நான் வரலீங்க."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கையெழுத்தா?" என்று கேட்டேன்.

"அதுவும் இல்ல. அந்தக் கூடத்துல இனி என்னால உக்கார முடியாதுங்க. எனக்கு இங்கதான் வேலை ஓடுது. நீங்க வேணும்னா வாங்க."

"எங்க?"

"எங்கூட்டுக்குத்தான். பின்னால சின்ன ரூம் ஒண்ணு இருக்குது. ரோம மூட்டையத் தள்ளிப்போட்டாக் கட்டில் போடலாம். ஆவணி முழுசும் இருந்து பாருங்க. நானும் பாக்கறேன்."

"வீட்டோட மாப்பிள்ளையா? இந்த வயசுலயா?"

"வகுப்புக்குச் சீக்கிரம் வந்துரலாமுங்க" என்றாள். ஏணியிலிருந்து இறங்கி, காக்கைகளை என் கையில் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. காலையில் தொலைபேசியில் அழைத்து மறுத்துவிட்டேன். காரணங்களை வரிசையாக எடுத்துரைத்தேன். சொந்த வீடு உள்ளவன், துறைத்தலைவன், சமூகத்தில் மதிக்கப்படுபவன், மனைவி வாடகைக்கு எடுத்த போர்ஷனில், கதவு சரியாகச் சாத்தாத ஓர் அறையில், ஆட்டு ரோமத்துக்கு நடுவில் படுப்பது எந்தக் கோணத்திலும் ஏற்கத்தக்கதன்று. அவள் இடைமறிக்காமல் கேட்டாள். "மாத்திரைய மறக்காம எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வேட்டி, சட்டைகள், மாத்திரை, சவரப்பெட்டி, சாட்சியச் சட்டப் பாடநூல் ஆகியவற்றை அடுக்கும்போதும் என் நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை. வீட்டைப் பூட்டும்போது அதை உரக்கவே சொன்னேன்.

ஆட்டோவில் பெட்டி மடியில் இருந்ததால் கையை விரித்து வாதிட முடியவில்லை; ஆயினும் தொடர்ந்து மறுத்தேன். உக்கடம் தாண்டியதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஐயா, போறதா வேண்டாமாங்க?"

"மறுத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். "நீங்க ஓட்டுங்க."